குழம்பில் குறையா, வாயில் குறையா?

"என்ன புள்ள, குழம்புல உப்பே இல்லையே?"

"அளந்துதானுங்க போட்டேன். புள்ளைங்க நல்லாத்தானே சாப்பிட்டாங்க!"

பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. கணவனுக்குக் கோபம்; மனைவிக்கு மனவருத்தம். குற்றம் யார் மேல்? சில சமயம் இருவர் மேலும் இல்லை. குறை வாயில் இருக்கலாம்.

சுவை எப்படித் தெரிகிறது?

நம் நாக்கிலும், மேலண்ணத்திலும், தொண்டையிலும் கண்ணுக்குத் தெரியாத சுவை மொட்டுகள் உள்ளன. உணவு பல்லில் அரைபட்டு, உமிழ்நீரில் கரைந்தால்தான் அவற்றுக்குச் சுவை எட்டும். மெல்லும்போது எழும் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கும் போகிறது. அதனால்தான் சளி பிடித்தால் சோறு ருசிப்பதில்லை. பல், ஈறு, நாக்கு, உமிழ்நீர் எல்லாம் நன்றாக இருந்தால்தான் சாப்பாடு ருசிக்கும்.

ருசி ஏன் கெடுகிறது?

1. ஈறு வீங்கி ரத்தமும் சீழும் கசிந்தால் வாயில் எந்நேரமும் கெட்ட ருசி இருக்கும்.

2. நாக்கில் வெள்ளையாக அழுக்குப் படிந்தால் சுவை மந்தமாகும்.

3. சொத்தைப் பல் வலிக்குப் பயந்து சரியாக மெல்லாமல் விழுங்கினால் ருசி தெரியாது.

4. பீடி, சிகரெட், புகையிலை ஆகியவை ஈறையும் கெடுக்கும், சுவையையும் குறைக்கும்.

5. சர்க்கரை நோயாலும் சில மருந்துகளாலும் வாய் உலரும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதனால் என்ன நஷ்டம்?

ருசி தெரியாதவர் உப்பைக் கூட்டச் சொல்வார். ஒருவருக்காகக் கூட்டிய உப்பை வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிறார்கள். பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும். அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கும் குறைவு. மிஞ்சினால் ரத்தக் கொதிப்பு வரும். பல் போன மாமியாரும் மாமனாரும் கீரை, பயறு, கடலையை ஒதுக்கிக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வார்கள், உடம்பு தேயும். "வயசாச்சு, பசி இல்லை" என்று விட்டுவிடாமல் வாயைப் பாருங்கள்.

கர்ப்பிணித் தாய்மார்களுக்கு

கர்ப்ப காலத்தில் ஈறு எளிதில் வீங்கி ரத்தம் வரும். அதற்காகப் பல் துலக்குவதை நிறுத்தக் கூடாது. வாந்தி எடுத்தால் உடனே தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவதில்லை. கர்ப்பத்தைச் சொல்லிவிட்டுப் பல் வைத்தியம் செய்துகொள்ளலாம். பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதும் வெறும் பயமே.

செய்ய வேண்டியவை

* காலையிலும், இரவு படுக்கும் முன்பும் ஃபுளோரைடு உள்ள பற்பசையால் துலக்குங்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட சிறு பிள்ளைக்குப் பட்டாணி அளவு பசை போதும்.

* சாம்பல், செங்கல் தூள், கரி வேண்டாம். அவை பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும்.

* நாக்கை மெதுவாக வழியுங்கள். ரத்தம் வரச் சுரண்டாதீர்கள்.

* சாப்பிட்டதும் வாய் கொப்பளியுங்கள்.

* புகையிலையையும் பாக்கையும் விட்டுவிடுங்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள்!

பாக்கு, புகையிலை போடுபவருக்குக் கொஞ்சம் காரம் பட்டாலே வாய் எரிகிறதா? முன்போல வாயை அகலத் திறக்க முடியவில்லையா? வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருக்கிறதா? யாருக்காயினும் வாய்ப்புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லையா? வலி இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இவை வாய்ப் புற்றுநோய்க்கு முன்னறிகுறியாகவும் இருக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டால் குணப்படுத்த வழி உண்டு. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள்.

மாதம் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், கணவன் வாயை மனைவியும், மனைவி வாயைக் கணவனும் பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை. சமையலைக் குறை சொல்லும் முன் வாயைக் கவனிப்போம். சமைத்ததை ருசித்துச் சாப்பிடுவோம்!