தோல் அரித்தால் மருந்தை நிறுத்தலாமா?

பாலக்கோட்டில் தக்காளி பறிக்கும் நேரம். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. வெறுங்காலோடு கூடை சுமப்பவர்களுக்கு உள்ளங்கால் காய்த்துப் போவது சகஜம். அங்கே ஒரு கரும்புள்ளி வந்தால் யார் கவனிக்கிறார்கள்?

கவனிக்கத்தான் வேண்டும்!

"மெலனோமா" என்று ஒரு புற்று நோய் உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களில் அது உண்டாகிறது. வெள்ளைக்காரர்களுக்கு அதிகம், நம் நாட்டில் குறைவு. நம்மவர்களுக்கு வந்தால், பலருக்கு உள்ளங்காலிலோ, உள்ளங்கையிலோ, நகத்தின் அடியிலோ வருகிறது. புள்ளி பெரிதானால், நிறம் மாறினால், ரத்தம் கசிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

புதிய மருந்து

நோய் உடம்பில் பரவிவிட்டால் முன்பு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. 2011-ம் ஆண்டு முதல் நிலைமை மாறியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தட்டி எழுப்பும் ஊசி மருந்துகள் வந்தன. இதற்கு வழி கண்ட அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனும், ஜப்பானியர் ஹோஞ்சோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆனால் விழித்துக்கொண்ட அந்தச் சக்தி, சில சமயம் நல்ல தோலையும் தாக்குகிறது. அரிப்பு எடுக்கும். தடிப்பு வரும். சிலருக்கு வெண் திட்டுகள் தோன்றும்.

வெண் திட்டைக் கண்டு வீட்டார் பயப்படுகிறார்கள். தட்டையும் டம்ளரையும் தனியே வைக்கிறார்கள். இது தொழுநோய் அல்ல, யாருக்கும் ஒட்டாது. மருந்து நன்றாக வேலை செய்கிறவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது என்கிறார்கள் டாக்டர்கள்!

வேறு சில மாத்திரைகள் உண்டு. அவற்றைச் சாப்பிட்டால் வெயில் பட்ட இடம் எரியும். உள்ளங்கால் தோல் தடித்து வலிக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது

வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். கொதிக்கும் நீர் கூடாது. காரமில்லாத சோப்பு போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத களிம்பைப் பூசுங்கள். தளர்ந்த பருத்தி ஆடை உடுத்துங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வெளியே போனால் குடையும் செருப்பும் அவசியம். எலுமிச்சம் பழம், பச்சிலை எதையும் டாக்டரைக் கேட்காமல் தேய்க்காதீர்கள்.

அரிப்புக்குப் பயந்து நீங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்லுங்கள். அரிப்பை அடக்க மருந்து உண்டு. தேவையானால் அவரே சில நாள் நிறுத்தி வைப்பார்.

உடனே ஓடுங்கள்

தோலில் கொப்புளம், தோல் உரிதல், வாயிலோ கண்ணிலோ புண், தடிப்போடு காய்ச்சல் — இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. என்ன மருந்து ஏறுகிறது என்ற சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். அந்தச் சீட்டு உயிரைக் காக்கும்.