அத்தி இனத்து மரங்களும் நமது ஊராட்சிகளும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊராட்சிக் கூட்டத்தில், சந்தைத் திடலருகே நிற்கும் ஆலமரத்தை அகற்றிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. “காயும் விலை போகாது, கட்டையும் கதவுக்கு உதவாது, அதனால் என்ன பயன்?” என்று அங்கத்தினர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே. அதற்கு விடையாக இக்கட்டுரை அமைகிறது.

வகைகள்

ஆல், அரசு, அத்தி, பேயத்தி, இச்சி ஆகியவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை. உலகில் இவ்வினத்தில் 700-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒடித்தால் பால் வடிவது இவற்றின் பொது இயல்பு. ஆல் விழுதிறக்கிப் பரவும். அதன் சிவந்த கனிகள் காம்பின்றி இரண்டிரண்டாக அமையும். அரசின் இலைகள் நீண்ட காம்பும் வால் போன்ற நுனியும் உடையவை. ஆதலால் இளங்காற்றிலும் சலசலக்கும். அத்தி ஆற்றங்கரையையும் ஓடையோரத்தையும் நாடும். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பேயத்தியும் அவ்வாறு காய்க்குமாயினும், அதன் இலைகள் எதிரெதிராக அமைந்து, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். இச்சி சிறிய இலைகளுடன் அடர்ந்த நிழல் தரும். கடைகளில் விற்கும் உலர்ந்த அத்திப்பழமோ இவற்றுள் எதுவுமன்று. அது சீமை அத்தியின் கனி.

காய்க்குள் பூ

“அத்தி பூத்தாற்போல” என்பது வழக்கு. உண்மையில் அத்தி பூக்காமலில்லை. காய் என்று நாம் கருதுவதன் உள்ளேயே எண்ணற்ற சிறு பூக்கள் மறைந்துள்ளன. காயின் நுனித்துளை வழியே, கொசுவினும் சிறிய குளவி உள்ளே நுழைகிறது. தான் கொணர்ந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு மடிகிறது. அம்முட்டைகளினின்று தோன்றும் பெண் குளவிகள், மகரந்தத்துடன் வெளியேறி வேறு மரத்தைத் தேடுகின்றன. ஆலுக்குரிய குளவி வேறு; அரசுக்குரியது வேறு. இந்த உறவு ஆறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

இக்குளவி வெளியே வாழ்வது ஓரிரு நாட்களே. அதற்குள் தக்க பருவத்திலுள்ள, தன் வகையைச் சேர்ந்த இன்னொரு மரம் அதற்குக் கிடைத்தாக வேண்டும். மரங்கள் வெவ்வேறு காலங்களில் காய்ப்பதனாலேயே இச்சங்கிலி அறாதிருக்கிறது. பிற மரங்களில் கனியில்லாத காலத்திலும் பறவைகளும் வௌவால்களும் உணவு பெறுவது இதனால்தான். மேகமலைக் காடுகளில் இருவாச்சிக்கும் சிங்கவால் குரங்குக்கும் இக்கனிகள் முக்கிய உணவாகும். ஆகவே, ஓர் ஊரில் ஒரு மரத்தை வெட்டுவதன் விளைவு அவ்வூரோடு நின்றுவிடுவதில்லை.

செய்ய வேண்டியவை

ஆல், அரசு ஆகியவற்றைக் கிணறு, மதகு, கட்டடம் இவற்றின் அருகில் நடலாகாது. வேர்கள் கட்டுமானத்தைப் பிளந்துவிடும். மந்தைவெளியும் புறம்போக்குத் திடலும் ஏற்ற இடங்கள். பறவைகளின் எச்சத்தால் கோபுரத்திலும் கலுங்கிலும் முளைக்கும் கன்றுகளை, விரலளவு இருக்கும்போதே வேருடன் எடுத்துத் திடலில் நடுவது நலம். ஆலின் தடித்த போத்தை ஐப்பசி மழையில் நட்டால் வேர்விடும். ஓடைக்கரைக்கு அத்தி உகந்தது. அதன் கனி மக்களுக்கும், தழை ஆடுகளுக்கும் பயன்படும். சாலைக்காக ஒரு மரத்தை அகற்றியே தீர வேண்டுமாயின், அவ்வகையிலேயே பல கன்றுகளை முன்னதாக வேறிடத்தில் நட்டு வளர்த்தல் கடமையாகும்.

ஆலமரத்தின் பயன் என்னவென்று கேட்ட அங்கத்தினருக்கு நமது விடை இதுவே: சந்தைக்கு வருவோருக்கு அது நிழல்; பக்கத்து ஊர்களின் ஆலமரங்களுக்கு அது துணை. கொட்டகையை நாலு கஜம் தள்ளிப் போடலாம். மரத்தைத் தள்ளி வைக்க இயலாது.