மோட்டார் எஞ்சினில் கேம் ஷாப்ட்டின் நேரம் தவறுதல்

அம்பாசடர் வண்டியின் உற்பத்தி 2014-ம் வருஷத்தில் நின்றுவிட்டது. ஆதலின், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய இடங்களில் அவ்வண்டியை வைத்திருப்போர், உள்ளதைச் செப்பனிட்டே ஓட்டவேண்டும். வண்டி எளிதிற் கிளம்பாமலும், மேட்டில் இழுக்காமலும் போனால், உடனே கார்புரேட்டரையும் பிளக்குகளையும் மாற்றுவோர் பலர். குறை கேம் ஷாப்ட்டின் நேரத்தில் இருப்பின், இச்செலவு வீணேயாம்.

கிராங்க் ஷாப்ட்டு இருமுறை சுழலும்போது கேம் ஷாப்ட்டு ஒருமுறை சுழன்று, வால்வுகளை உரிய காலத்தில் திறக்கிறது. இவ்விரண்டையும் டைமிங் சங்கிலி பிணைக்கிறது. சங்கிலி தேய்ந்து தளர்ந்தால் வால்வுகள் பிந்தித் திறந்து பிந்தி மூடும். 40 பற்களுள்ள கேம் சக்கரத்தில் ஒரு பல் தவறினாலும், கிராங்க் ஷாப்ட்டின் கணக்கில் 18 பாகை பிழை நேரும்.

இதன் அறிகுறிகளாவன: குறைந்த வேகத்தில் வலு குன்றும், வேகம் ஏறியபின் ஓரளவு தேறும், எஞ்சினின் முன்புறத்திற் சங்கிலி உரசும் ஓசை கேட்கும், எல்லாச் சிலிண்டர்களிலும் அழுத்தம் ஒன்றுபோலக் குறைந்திருக்கும். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால், அதன் வால்வையோ பிஸ்டன் வளையத்தையோ ஐயுறுதல் தகும்.

சோதிக்கும் முறை வருமாறு: கியரை நியூட்ரலில் வைத்துப் பிளக்குகளைக் கழற்றுக. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை எடுத்துவிட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கிராங்க் ஷாப்ட்டைக் கையால் திருப்பி நிறுத்தி, அதன் கப்பியிற் சுண்ணக்கட்டியால் குறியிடுக. பின்பு எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, உள்ளிருக்கும் ரோட்டர் அசையத் தொடங்கும் இடத்தையும் குறிக்க. கப்பியின் சுற்றளவை நூலால் அளந்தால், அதில் 36-ல் ஒரு பங்கு 10 பாகையாகும். இரு குறிகளுக்கும் இடையே அதற்கு மேற்பட்டிருப்பின், சங்கிலி பெரும்பாலும் தேய்ந்ததே. அப்போது முன்மூடியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும்.

புதுச் சங்கிலி பூட்டுகையில், இரு சக்கரங்களிலும் உள்ள அடையாளங்கள் ஒன்றையொன்று நேர் நோக்கி நிற்கவேண்டும். தேய்ந்த பற்சக்கரத்தில் புதுச் சங்கிலியைப் பூட்டினால், அதுவும் விரைவிற் கெடும். ஆகையால் சக்கரங்களையும் உடன் மாற்றுவதே நலம்.

பிற்கால வண்டிகள் பலவற்றிற் சங்கிலிக்குப் பதில் ரப்பர் பெல்ட்டு உண்டு. அது அறுந்ததாக ஐயம் தோன்றினால் ஸ்டார்ட்டரை அழுத்தலாகாது. பிஸ்டன் வால்வுகளில் மோதி, சிறு பழுது பெருஞ்செலவாகிவிடும்.