பெரும் நெடுஞ்சாலைப் பாலத் திட்டங்களில் வடிவமைப்புச் சிக்கல் மேலாண்மை

பெரிய நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றைக் கட்டும்போது வரைபடத்திற்கும் களநிலைக்கும் இடையே எழும் முரண்பாடுகளை உரிய காலத்தில் கண்டறிந்து, பதிவுசெய்து, தீர்க்கும் நடைமுறை வடிவமைப்புச் சிக்கல் மேலாண்மை எனப்படும். வரைபடத்தில் உள்ள பிழையைச் சில நாட்களில் திருத்திவிடலாம். ஆற்றில் தூண் எழுந்தபின் அதே திருத்தத்திற்குப் பல ஆண்டுகள் ஆகக்கூடும். சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் உயர்மட்டச் சாலை இதற்குத் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு.

சிக்கல்கள் எழும் இடங்கள்

• மண்ணும் நீரும்: சில இடங்களில் மட்டும் துளையிட்டு மண்ணைச் சோதித்தால், இடையில் உள்ள தூணின் அடியில் வேறு வகை மண் இருக்கலாம். வெள்ள மட்டத்தையும் தூணடி மண் அரிப்பையும் குறைத்துக் கணித்தால் அடித்தளம் வலுவிழக்கும்.
• பல துறைகளின் இடம்: ஆறு, இரயில் பாதை, குடிநீர்க் குழாய், மின்கம்பி ஆகியவை வெவ்வேறு துறைகளின் பொறுப்பில் உள்ளன.
• கட்டுமான நிலைச் சுமை: பாதி கட்டிய பாலத்தின் மீது செயல்படும் விசைகள் முழுப் பாலத்தில் உள்ளவற்றிலிருந்து வேறுபடும். இவற்றைத் தனியே கணக்கிட வேண்டும்.

சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் சாலை

சரக்குப் பெட்டக லாரிகள் நகர நெரிசலில் சிக்காமல் துறைமுகம் செல்ல, சுமார் 19 கி.மீ. நீளத்தில், பெரும்பகுதி கூவம் ஆற்றை ஒட்டி இச்சாலை திட்டமிடப்பட்டது. 2009 சனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். அப்போதைய மதிப்பீடு சுமார் 1,815 கோடி ரூபாய்.

ஒப்புதல் பெற்ற திட்டத்திலிருந்து விலகி ஆற்றுக்குள் தூண்கள் அமைக்கப்படுவதாகவும், அவை வெள்ள நீரோட்டத்தைத் தடுக்கும் என்றும் கூறி, 2012இல் தமிழ்நாடு அரசு பணியை நிறுத்தியது. அந்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் நீக்கியது. ஆயினும் பணி தொடரவில்லை. தூண்கள் பல ஆண்டுகள் வெறுமனே நின்றன.

பின்னர் வடிவமைப்பே மாற்றப்பட்டது. உள்ளூர் வாகனங்களுக்குக் கீழ்த்தளமும் துறைமுகக் கனரக வாகனங்களுக்கு மேல்தளமும் கொண்ட ஈரடுக்குச் சாலையாக அது உருப்பெற்றது. 2022 மே மாதத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம், தமிழ்நாடு அரசு, சென்னைத் துறைமுகம், கடற்படை ஆகிய நான்கு தரப்பும் ஒப்பந்தம் செய்தன. அம்மாதமே பிரதமர் நரேந்திர மோதி மீண்டும் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 5,800 கோடி ரூபாயைத் தாண்டியது. இந்த உயர்வில் கூடுதல் தளத்தின் செலவும் அடங்கும்.

கணக்கீட்டுப் பிழையின் விளைவு

துறைகளுக்கு இடையிலான முரண்பாடு காலத்தை விழுங்கும். கட்டமைப்புப் பிழையோ பாலத்தையே வீழ்த்தும். பீகாரில் கங்கையின் குறுக்கே கட்டப்பட்டுவந்த அகுவானி – சுல்தான்கஞ்ச் பாலத்தின் ஒரு பகுதி 2022 ஏப்ரலில் சரிந்தது. ஐஐடி ரூர்க்கி வல்லுநர்கள் குறைகளைக் கண்டறிந்ததாக மாநில அரசு தெரிவித்தது. 2023 சூன் 4 அன்று மற்றொரு பகுதியும் இடிந்து ஆற்றில் விழுந்தது.

மேலாண்மை நடைமுறை

1. தூண்களின் இடத்தையும் பாலத்தின் உயரத்தையும் தொடர்புடைய எல்லாத் துறைகளும் ஒரே வரைபடத்தில் ஏற்றுக் கையொப்பமிட்ட பின்னரே அடித்தளப் பணி தொடங்க வேண்டும்.
2. வடிவமைத்தவரைச் சாராத வேறொரு பொறியியல் குழு எல்லாக் கணக்குகளையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் சுமைகளுக்கு ஐஆர்சி 6, அடித்தளங்களுக்கு ஐஆர்சி 78, காங்கிரீட் பாலங்களுக்கு ஐஆர்சி 112 ஆகிய விதிநூல்கள் பயன்படுகின்றன.
3. ஒவ்வொரு மாற்றத்திற்கும் காரணம், செலவு, கால நீட்டிப்பு, பிற உறுப்புகளின் மீதான விளைவு ஆகியவற்றை எழுத்தில் பதிய வேண்டும்.
4. பழைய வரைபடங்களைக் களத்திலிருந்து திரும்பப் பெற வேண்டும்.
5. களப் பொறியாளர் ஐயம் எழுப்பினால், விடை வரும்வரை அந்தத் தூணின் பணியை மட்டும் நிறுத்திவைக்கலாம்.