பூட்டலாம், திறக்க முடியாது!

இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் என்று ஓர் ஊர். 1984 மே மாதம், அங்கே 72 வயதுப் பாட்டி ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து வீட்டோடு இருந்தார். டிவி ரிமோட்டை அழுத்தியே மார்கரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை மூன்றையும் கேட்டார். தொலைபேசிக் கம்பி வழியாகக் கடைக்குச் செய்தி போனது. சாமான் வீடு தேடி வந்தது.

ஆனால் காசு? அதை மட்டும் வாசலில் கையில்தான் கொடுத்தார்.

கம்பியில் சாமான் பட்டியலை அனுப்பலாம். உங்கள் பால் பாக்கெட் கணக்கை யார் படித்தால் என்ன? வங்கி அட்டை எண்ணை அப்படி அனுப்ப முடியுமா? இணையத்தில் அப்படியே போகும் செய்தி அஞ்சலட்டை மாதிரி. வழியில் பல கணினிகளின் கை மாறித்தான் போகும்.

ரகசியக் குறியீட்டில் எழுதினால்? நீங்களும் உங்கள் தோழியும் வகுப்பில் அப்படிச் சீட்டு எழுதியிருப்பீர்கள் (டீச்சரிடம் சொல்ல மாட்டேன்). ஆனால் அந்தக் குறியீட்டை முன்பே நேரில் பேசி வைத்திருந்தீர்கள் அல்லவா? முகமே பார்க்காத கடைக்காரரிடம் எப்படிப் பேசி வைப்பது?

இப்படி யோசியுங்கள். கடைக்காரர் திறந்த பூட்டுகளை ஊருக்கெல்லாம் கொடுக்கிறார். எண்ணைப் பெட்டியில் போட்டு, பூட்டை அமுக்கினால் 'கிளிக்'! பூட்டிய உங்களாலேயே இனித் திறக்க முடியாது. சாவி கடையிலேயே இருக்கிறது. அது பயணம் செய்யவே இல்லை.

இந்தப் பூட்டை இரும்பில் செய்யாமல் கணக்கில் செய்தவர்கள் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன். ஆண்டு 1977, இடம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. 97, 89 இரண்டும் பகா எண்கள். பெருக்கினால் 8633. ஒரு நிமிட வேலை. இப்போது தலைகீழாக வாருங்கள்: 8633-ஐ மட்டும் கொடுத்து, எந்த இரண்டின் பெருக்கல் என்று கேட்டால்? 3, 7, 11 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தே கை வலிக்கும். பெரிய எண்தான் பூட்டு. அதன் இரண்டு காரணிகளும் தெரிந்தவரிடமே சாவி.

அதே ஆண்டு அவர்கள் 129 இலக்க எண் ஒன்றில் ஒரு வாக்கியத்தைப் பூட்டி, திறப்பவருக்கு 100 டாலர் பரிசு என்று சவால் விட்டார்கள். லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று பேச்சு. 17 ஆண்டுகளில் திறந்துவிட்டது! சுமார் 600 பேர் தங்கள் கணினிகளைச் சேர்த்து, 1994 ஏப்ரலில் உடைத்தார்கள். உள்ளே இருந்தது கழுகு ஒன்றைப் பற்றிய கிறுக்குத்தனமான வாக்கியம்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1994 ஆகஸ்டில் நெட்மார்க்கெட் என்ற சிறு நிறுவனம், அட்டை எண்ணை இப்படிப் பூட்டி அனுப்ப வைத்து, பாடகர் ஸ்டிங்கின் பாட்டு சி.டி. ஒன்றை விற்றது. விலை 12.48 டாலர், அஞ்சல் செலவு தனி. நியூயார்க் டைம்ஸ் அதைச் செய்தியாகவே போட்டது. பூட்டு உடைந்ததே, பயமில்லையா? எண்ணை நீளமாக்கினால் போதும். இன்று பரவலாக உள்ள ஆர்.எஸ்.ஏ. (அந்த மூவர் பெயர்களின் முதல் எழுத்துகள்) பூட்டில் 617 இலக்கங்கள்.

ஒன்று மட்டும். இணையக் கடையின் பூட்டுச் சின்னம் வழியில் யாரும் படிக்க முடியாது என்றுதான் சொல்கிறது. கடைக்காரர் நல்லவர் என்று அல்ல. ஓ.டி.பி.யை நீங்களே போனில் வாய்விட்டுச் சொன்னால் பகா எண் பாவம், என்ன செய்யும்?

சரி, பென்சிலை எடுங்கள். என் பூட்டு: 6557. சாவி எங்கே?