பாட்டு வகுப்பு யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன் வலிகாமத்தில் ஒரு நலன்புரி முகாம். அங்குள்ள கொட்டிலில் மாலை நான்கு மணிக்கு இசை வகுப்பு. இருபது பிள்ளைகளோடு தொடங்கியது. அன்று போய்ப் பார்த்தால் நான்கு பேர். ஆசிரியைக்குக் கவலை, எனக்குக் கோபம். வாசலில் நின்ற ஒரு தாயிடம், "பிள்ளைகள் எங்கே அம்மா?" என்று கேட்டேன்.

"வெங்காயம் கிண்டுற காலம், பாதர். நாங்கள் ஊராரின்ர தோட்டத்தில கூலிக்கு நிக்கிறம், பிள்ளையளும் வருகுதுகள். எங்களை ஒருக்காக் கேட்டிருந்தா ஆறு மணிக்கு வையுங்கோ எண்டு சொல்லியிருப்பம்."

நாம் பலரைக் கேட்டிருந்தோம். நிதி தந்த நிறுவனத்தைக் கேட்டோம், ஆசிரியையைக் கேட்டோம், கிராம அலுவலருக்கும் அறிவித்தோம். அந்தத் தாயை மட்டும் கேட்கவில்லை.

பிள்ளைகளின் இசைக்குப் பங்காளர் பலர். இது புதிய சங்கதியல்ல. அளவெட்டி, இணுவில் போன்ற ஊர்களின் நாதஸ்வரத்தையும் தவிலையும் வளர்த்தவை கோயில் திருவிழாக்கள். யார் வாசிக்கலாம் என்பதைக் குலமும் வழக்கமும் தீர்மானித்தன என்பதையும் மறைக்கக்கூடாது. பாசையூர், குருநகர் போன்ற கரையோரங்களில் கூத்துப் பழக்கியவர் அண்ணாவியார். செலவைச் சுமந்தது ஊர். சுமந்தபடியால் குறைசொல்லும் உரிமையும் ஊருக்கு இருந்தது. பாட்டுப் பிசகினால் கூட்டத்துக்குள்ளிருந்தே ஒரு கிழவர் குரல் கொடுப்பார்.

பிறகு பரீட்சை வந்தது. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் வழங்கியது. மருதனார்மடத்தில் 1960இல் ஆரம்பித்த இராமநாதன் இசைக் கல்லூரி 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வீடும் காணியும் இழந்த குடும்பத்துக்குச் சான்றிதழ் பெரிய முதல். ஆசிரியத் தொழிலுக்கு வழி. அதைப் பெற்றோர் கேட்பதைப் பழிக்கமாட்டேன். ஆனால் பாடத்திட்டம் ஒன்றே வகுப்பை நடத்தினால், அம்மம்மாவுக்குத் தெரிந்த தாலாட்டுக்கும் அருவிவெட்டுப் பாட்டுக்கும் அங்கே பாய் விரிக்க இடமிருக்காது.

நிதி தருவோரின் செல்வாக்கு வேறுவகை. ஒருமுறை வெளிநாட்டு விருந்தினர் வருகிறார் என்று சொல்லி, மூன்று வாரம் வழமையான பாடங்களை நிறுத்தி, பிள்ளைகளுக்குப் பொருள் விளங்காத ஓர் ஆங்கிலப் பாட்டைப் பழக்கினோம். படம் எடுத்தார்கள், அறிக்கையில் போட்டார்கள். யாரும் எம்மை வற்புறுத்தவில்லை. அவர்கள் விரும்புவார்கள் என்று நாமே எண்ணிக்கொண்டோம். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

பெரிய உதாரணம் வெனிசுவேலாவில் உண்டு. 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு ஒரு சில பிள்ளைகளோடு தொடங்கிய 'எல் சிஸ்தேமா' அரச பணத்தால் வளர்ந்து, இலட்சக்கணக்கான பிள்ளைகளின் கையில் வாத்தியங்களைக் கொடுத்தது. 2017இல் அங்கே ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்ட அதன் இளம் வாத்தியக் கலைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அங்கு வளர்ந்த புகழ்பெற்ற இசைநெறியாளர் குஸ்தாவோ டூடமெல் அரசைக் கண்டித்துப் பேசினார். சில மாதங்களில் அவர் தலைமையில் செல்லவிருந்த தேசிய இளையோர் இசைக்குழுவின் அமெரிக்கப் பயணம் இரத்தாயிற்று. பணப்பையின் கயிறு ஒரே கையில் இருந்தது.

எமது மண்ணில் நான் அடிக்கடி நினைப்பது திருமறைக் கலாமன்றத்தை. நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கினார். திருப்பாடுகளின் நாடகங்களால் பெயர்பெற்றது. பிள்ளைகளுக்கு இசையும் நடனமும் பயிற்றியது. 1990இல் 'கலைமுகம்' இதழை வெளியிட்டது. குருவானவர் ஒருவர் தொடங்கிய மன்றத்தில் சைவர்களும் கற்பித்தார்கள், நடித்தார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்து நடந்தது. அதன் பின்னும் மன்றம் இருந்தது. 2021இல் அடிகளார் மறைந்தபோதும் அது நின்றுவிடவில்லை. எனது கணிப்பில் அதற்குக் காரணம் கட்டிடமல்ல. மேடையில் நின்ற பிள்ளையின் தகப்பன் திரை கட்டினார், தாய் உடுப்புத் தைத்தார். அது தங்கள் மன்றம் என்று அவர்களுக்குத் தெரியும்.

எமது கொட்டிலுக்கு வருகிறேன். வகுப்பை ஆறு மணிக்கு மாற்றினோம். விளக்குக்கு ஒழுங்கு செய்யவேண்டி வந்தது. செயற்குழுவில் இரு தாய்மாரையும் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தியையும் சேர்த்தோம். அவள் முதற் கூட்டத்திலேயே, "மிருதங்கம் பொடியன்களுக்கு மட்டுமோ?" என்று கேட்டாள். குழுவில் ஒரு பெரியவர் முகம் சுளித்தார். அடுத்த மாதம் மூன்று பெண்பிள்ளைகள் மிருதங்கத்துக்கு இருந்தார்கள்.

வாத்தியங்கள் யாருடையவை என்பதில்தான் பெரிய இழுபறி. திட்டம் முடிந்ததும் களஞ்சியத்தில் பூட்டுவது எம் வழக்கம்; கறையான் தின்ற ஒரு தவிலை நானே பார்த்திருக்கிறேன். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்த குடும்பங்கள் அவை. 2015க்குப் பின் காணிகள் பகுதி பகுதியாக விடுபட்டபோது சில குடும்பங்கள் திரும்பின, சில தங்கின. ஆர்மோனியம் எங்கே போவது? அலுவலகத்துக்கு என்றேன் நான். தாய்மார் தனியாகக் கூடிப் பேசினார்கள். அதிகம் பிள்ளைகள் போகும் ஊருக்கு ஆர்மோனியம், முகாமில் நிற்பவர்களுக்குச் சுருதிப்பெட்டியும் மிருதங்கமும், ஆசிரியை கிழமைக்கு ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். பஸ் காசை யார் கொடுப்பது என்று மட்டும் என்னிடம் விட்டிருந்தார்கள்.