சர்க்கரையைக் குறைத்தாலும் நெஞ்செலும்பு பூப்போல வேகும்

டி.வி.யிலும் செல்போனிலும் பார்த்துவிட்டு இப்போது பிள்ளைகள் "பார்பெக்யூ ரிப்ஸ் செஞ்சு தாம்மா" என்று கேட்கிறார்கள். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம் சகோதரிகளே! விலா எலும்புக்கறியில் இனிப்பும் புளிப்புமாக ஒரு சாஸ் தடவி தணலில் வாட்டுவதுதான். அமெரிக்காவில் பெரும்பாலும் பன்றி விலாவில் செய்வார்கள். நமக்கு வெள்ளாட்டு நெஞ்செலும்பு போதும்.

எங்கள் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. எல்லோரும் கறி சாப்பிட, அவர்களுக்கு மட்டும் ரசஞ்சாதம் வைக்க எனக்கு மனசு வராது. ஆனால் வெளிநாட்டுச் செய்முறைகளில் 1 கிலோ கறிக்கு அரை கப் சர்க்கரை, அதாவது சுமார் 100 கிராம் போடச் சொல்கிறார்கள். பாட்டில் சாஸ் வாங்கினால் பின்பக்க லேபிளைப் படியுங்கள். பலவற்றில் 2 மேசைக்கரண்டிக்கே 12 முதல் 16 கிராம் சர்க்கரை இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. வியாதி இல்லாதவர்களுக்கும் அதுதான் கணக்கு. "வெல்லம் போட்டா ஒண்ணும் செய்யாது, கருப்பட்டின்னா உடம்புக்கு நல்லது" என்பார்கள். ரத்தத்தில் ஏறும்போது அதுவும் சர்க்கரைதாங்க.

கறி மிருதுவாவதற்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே கிடையாது. எலும்போடு சதையைப் பிடித்திருக்கும் ஜவ்வு, ஈரச் சூட்டில் நிதானமாக வெந்தால்தான் கரையும். கறிக்கடையில் நாலு விரல் நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள், குழம்புக்கு வெட்டுகிற மாதிரி பொடிசாக வேண்டாம். உள்பக்கத்து வெள்ளைத் தோலை உரித்து எடுத்துவிடுங்கள். 1 கிலோவுக்கு உப்பு, மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, 2 கரண்டி தயிர், 1 மேசைக்கரண்டி அரைத்த பப்பாளிக்காய் போட்டுப் பிசறி ஒரு மணி நேரம் வைக்கவும். கொல்லையில் பப்பாளி மரம் இருக்கிறதே என்று அள்ளிப் போட்டாலோ, ராத்திரி முழுக்க ஊறவிட்டாலோ கறி கூழாகிவிடும். பிறகு குக்கரில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிஷம். ஆவி தானாக அடங்கட்டும்.

சாஸுக்கு 20 சின்ன வெங்காயம், 8 பல் பூண்டு, 6 வரமிளகாய், 3 தக்காளி, அரை ஸ்பூன் சோம்பு. நல்லெண்ணெயில் வெங்காயத்தைச் சிறுதீயில் நன்றாகச் சிவக்க வதக்க வேண்டும். பாதி இனிப்பு அதிலேயே வந்துவிடும். அவசரப்பட்டால் வராது. மற்றதையும் சேர்த்து வதக்கி அரைத்து, நெல்லிக்காய் அளவு புளியின் கரைசலும் கறி வெந்த தண்ணீரும் விட்டு, கெட்டியாகும்வரை கொதிக்கவிடவும். மிளகுத்தூள் தூவி, கடைசியில் 1 ஸ்பூன் வெல்லம். ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 1 கிராம்தான் வரும்.

வாட்டுவதற்குப் பழைய கும்முட்டி அடுப்பே போதும், கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டாங்கச்சிக் கரி நன்றாகப் பிடித்து மேலே சாம்பல் பூத்த பிறகு கம்பி வலை வைத்து, பக்கத்துக்கு 3 நிமிஷம் வாட்டவும். சாஸைக் கடைசித் திருப்பலில்தான் தடவணும். முன்னாடியே தடவினால் இனிப்பு கருகிக் கசக்கும். அடுப்பு இல்லாதவர்கள் தோசைக்கல்லில் சுருளப் பிரட்டலாம், புகை வாசனை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்துவிட்டுப் பக்கத்தில் பொன்னி அரிசிச் சோற்றைக் குவித்தால் பலன் இல்லை. நம் தஞ்சாவூர்ப் பக்கம் மூணு வேளையும் அரிசிதானே! மாமியாருக்கு ஒரு கரண்டி சோறு, நாலு துண்டு நெஞ்செலும்பு, நிறைய வெள்ளரிக்காய் வைக்கிறேன். மிஞ்சிய சாஸ் மறுநாள் தோசைக்கு ஆயிற்று.